கூடைப்பந்துக் காலணியின் திறனைச் சோதித்தல்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ரவீந்திர சரோவர் ஏரியை அடுத்து அமைந்துள்ளது லேக் கார்டன்ஸ். அங்குள்ள ரயில் நிலையத்தில் பட்ஜ் பட்ஜ் செல்லும் வண்டியில் ஏறுவோர், வழியில் நங்கி என்னும் நிலையத்தைக் காண்பர். அதன் அருகே உள்ளதுதான் 1934-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற பாட்டாநகர். கான்வாஸ் துணியும் ரப்பர் அடியும் கொண்ட காலணிகளை நம் மாணவர்க்குப் பழக்கப்படுத்தியதில் இத்தொழில் நகருக்குப் பெரும் பங்குண்டு. கூடைப்பந்து பயின்ற பலர் அத்தகைய காலணியுடனேயே ஆடத் தொடங்கினர். இன்று வகைகள் பெருகிவிட்டன. விலைகளுக்கிடையே உள்ள வேற்றுமையும் பெரிது. ஆட்டக்களத்தில் நன்கு உழைக்கும் காலணியை எவ்வாறு கண்டறிவது என்பதை இங்குக் காண்போம்.

முதலில் ஆட்டம் காலிடம் எதனைக் கேட்கிறது என்று அறிதல் வேண்டும். கூடைப்பந்துக் களம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பெற்று 1995-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 1,000 முறை தம் இயக்கத்தை மாற்றுகிறார். அதாவது சுமார் 2 விநாடிக்கு ஒருமுறை ஓடுதல், நிற்றல், திரும்புதல், தாவுதல் என ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறார். தாவி இறங்கும்போது தரை அவர் காலைத் தாக்கும் விசை, உடல் எடையைப் போல் பல மடங்காகும். ஆகவே, பிடிப்பு, அதிர்ச்சி தாங்கும் தன்மை, காலோடு பொருந்தி நிற்கும் தன்மை ஆகிய மூன்றையும் சோதித்தல் அவசியம்.

பிடிப்பு

பிடிப்பு என்பது காலணிக்கு மட்டும் உரிய குணமன்று. காலணியும் தரையும் சேர்ந்து உண்டாக்குவது. மெருகிட்ட மரத்தளத்தில் சிறந்து விளங்கும் காலணி, புழுதி படிந்த சிமெண்டுத் தளத்தில் வழுக்கலாம். மழைக்காலத்தில் ஈரக்காற்று மிகுந்த கொல்கத்தா போன்ற நகரங்களில், ஒரே தளம் காலையில் ஒருவிதமாகவும் மாலையில் வேறுவிதமாகவும் இருக்கும்.

இதனை அளவிட எளிய சோதனை ஒன்று உண்டு. காலணிக்குள் எடைகளை இட்டு, மொத்த எடை 5 கிலோகிராம் ஆகும்படி செய்க. சுருள்வில் தராசு ஒன்றை அதில் மாட்டி, தளத்தின்மீது கிடையாக மெதுவாக இழுக்க. காலணி நகரத் தொடங்கும்போது தராசு 4 கிலோகிராம் காட்டினால், 4-ஐ 5-ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.8 என்பதே உராய்வுக் குணகம். தூய தரை, புழுதியுள்ள தரை, சிறிது ஈரமான தரை ஆகிய மூன்றிலும் இதனைச் செய்தல் வேண்டும். ரப்பரின் உராய்வு எடைக்கேற்பச் சற்று மாறுவதால், இவ்வெண் ஆட்டத்தின்போது உள்ள உண்மைப் பிடிப்பைத் துல்லியமாகக் கூறாது. எனினும் இரு காலணிகளை ஒப்பிடப் போதுமானது. தூய தரையில் மிக உயர்ந்த எண்ணைப் பெறும் காலணியைவிட, மூன்று நிலைகளிலும் அதிகம் குறையாத காலணியே நம்பத்தக்கது.

பிடிப்பு மிகுந்துவிடினும் தீங்குண்டு. உடல் திரும்பும்போது பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நின்றால், முறுக்கு முழுவதையும் முழங்காலும் கணுக்காலும் தாங்க நேரிடும்.

அதிர்ச்சி தாங்குதல்

ஆய்வுக்கூடங்களில் 8.5 கிலோகிராம் எடையைச் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து காலணியின் குதிப்பகுதியில் விழச் செய்து, அவ்வெடை எவ்வளவு திடீரென நிற்கிறது என்பதை அளப்பர். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. விரலின் விசை மிகச் சிறிது. விரலுக்கு இதமாகத் தோன்றும் நுரைப்பொருள், தாவி இறங்கும்போது முற்றிலும் நசுங்கிக் கட்டைபோல் ஆகிவிடலாம். மேலும், மிக மென்மையான அடி பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலைப் பிறழச் செய்யக்கூடும். எனவே ஒரு மணி நேர ஆட்டத்திற்குப் பின்னரும் குதி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தலே சரியான முறை.

கணுக்காலும் உயர்ந்த கழுத்தும்

கழுத்து உயர்ந்த காலணி சுளுக்கைத் தடுக்கும் என்பது பலரின் நம்பிக்கை. அமெரிக்காவில் 622 கல்லூரி ஆட்டக்காரரைக் கொண்டு நடத்தப்பெற்று 1993-இல் வெளியான ஆய்வில், உயர்ந்த கழுத்துக்கும் தாழ்ந்த கழுத்துக்கும் இடையே சுளுக்கு எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2001-இல் வெளியான முடிவோ, முன்பே கணுக்கால் காயமுற்றவர்க்கு மீண்டும் காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்று தெரிவித்தது. ஆகவே பழைய காயமுடையோர் காலணியை மட்டும் நம்பியிராது, கணுக்காலை வலுப்படுத்தும் பயிற்சியையும் மேற்கொள்ளுதல் வேண்டும். காலணியில் கவனிக்கத்தக்கது, திடீரெனத் திரும்பும்போது குதி உள்ளே வழுக்காமல் நிற்கிறதா என்பதே.

மனத்தின் பங்கு

ஆட்டக்காரரின் கருத்தையும் கேட்க வேண்டும், ஆனால் எச்சரிக்கையுடன். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழக ஆய்வாளர், எடை வேறுபட்ட காலணிகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட சோதனையில், எடை வேற்றுமையை அறிந்திருந்தவர்கள் இலேசான காலணியில் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதல் திறன் காட்டினர். அதனை அறியாதவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. விலையும் பெயரும் அறிந்து அணிவோரிடமும் இவ்வாறே நேரலாம் என்பதை மறத்தலாகாது.

எனவே பள்ளிக்கோ கழகத்துக்கோ காலணி வாங்குவோர், ஒவ்வொரு வகையிலும் ஓரிரு இணைகளை முதலில் பெற்று, அவற்றின் அடையாளங்களைத் துணிநாடாவால் மறைத்து, வெவ்வேறு வரிசையில் ஆட்டக்காரர்க்கு அளித்தல் நன்று. ஒரே திருப்ப ஓட்டத்தை ஒவ்வொருவரும் மும்முறை ஓட, நேரத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் மாதந்தோறும் அடிப்பள்ளங்களின் ஆழத்தை அளந்து தேய்மானத்தையும் எழுதி வைக்க. சிமெண்டுத் தளத்தில் மென்மையான ரப்பர் விரைவில் தேய்வதை இக்குறிப்புகள் காட்டும்.

இச்சோதனைக்கு ஒரு தராசும், ஒரு கடிகாரமும், ஓர் அளவுகோலுமே போதும். விளம்பரத்தை நம்பி மொத்தமாக வாங்கிய காலணி ஒரு பருவத்திலேயே தேய்ந்துபோனால், பணம் மட்டுமே நட்டமாகும். வழுக்கும் காலணியால் மாணவன் ஒருவனின் முழங்கால் கெட்டுவிட்டால், அந்நட்டத்தை எந்தப் பணமும் ஈடு செய்யாது.