தலைநகரில் ஒரு நாள்: பல்கலைக்கழகம் காண வரும் மாணவருக்கும் பெற்றோருக்கும்

பிள்ளை எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றுப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், தோட்டத்து வீட்டில் மகிழ்ச்சியோடு கவலையும் குடிபுகுகிறது. பிள்ளை போகும் இடம் எப்படிப்பட்டது? அங்கே எவ்வளவு செலவாகும்? தனியாக எப்படி இருக்கும்? இக்கேள்விகள் தாய் தந்தையரின் உறக்கத்தைக் கெடுக்கின்றன.

நான் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், தோட்டத்திலிருந்து வந்த மாணவி ஒருத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவள் செல்லவில்லை. பணம் மட்டுமே அதற்குக் காரணமன்று. அவளோ அவளுடைய தந்தையோ அந்நகரை ஒருமுறையேனும் கண்டதில்லை. "தெரியாத ஊர், சார். பொம்பளப் பிள்ளைய எப்படி அனுப்புறது?" என்று அத்தந்தை என்னிடம் கேட்டார். முன்னதாகவே ஒரு நாள் இருவரும் சென்று பார்த்து வந்திருந்தால், முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும். அதனை அப்பொழுதே அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஆதலால், கோலாலம்பூருக்கு வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தையும் நகரின் சிறப்பான இடங்களையும் குறைந்த செலவில் ஒரே நாளில் காணும் வழியை இங்கே விளக்குகிறோம்.

எந்த நாளில் வருவது?

சனி, ஞாயிறுகளில் பல்கலைக்கழக அலுவலகங்கள் மூடியிருக்கும். விவரம் கேட்டறிய விரும்புவோர் வேலை நாளில்தான் வர வேண்டும். அவ்வாறு வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று பாட்டாளிகள் தயங்குவது இயல்பே. இரயில் கட்டணத்தைவிட அதுவே பெரிய இழப்பு. ஆனால், 1955ஆம் ஆண்டின் வேலை வாய்ப்புச் சட்டப்படி, தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறை உண்டு. ஒரே முதலாளியிடம் 2 ஆண்டுகளுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் பணிபுரிந்தவருக்கு 12 நாள். 5 ஆண்டுகளுக்கு மேற்பட்டவருக்கு 16 நாள். அவற்றுள் ஒன்றை இதற்கென ஒதுக்கி, முன்கூட்டியே தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே இரயில் பாதை

தஞ்சோங் மாலிம், சிரம்பான், கிள்ளான் ஆகிய பகுதிகளிலிருந்து கொமுட்டர் இரயில் மூலம் கே.எல். சென்ட்ரல் நிலையத்தை அடையலாம். தொலைவிலிருந்து பேருந்தில் வருவோர், பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில் இறங்கி, அருகிலேயே உள்ள கொமுட்டர் நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு வரலாம்.

சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. பாதையைக் கேட்டுச் செல்லுங்கள். இப்பாதை ஒன்றை நினைவில் வைத்தால் போதும். ஒரு திசையில் சென்றால், நான்காவது நிலையம் 'யுனிவர்சிட்டி'. மறு திசையில் சென்றால், அடுத்த நிலையம் பாசார் செனி, அதற்கடுத்தது மஸ்ஜிட் ஜாமெக், மேலும் சில நிலையங்கள் கடந்தால் இரட்டைக் கோபுரம். பல்கலைக்கழகமும் நகரமும் ஒரே பாதையில் அமைந்திருப்பதால் வழி தவற வாய்ப்பில்லை. வாடகைக் காரும் தேவையில்லை.

முற்பகல்: பல்கலைக்கழகம்

யுனிவர்சிட்டி நிலையத்திலிருந்து வளாகத்திற்கு இணைப்புப் பேருந்து உண்டு. நகரப் பேருந்துகளில் ரொக்கம் வாங்குவதில்லை. ஆதலால் 'டச் அண்டு கோ' அட்டையில் முன்னரே சிறிது பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் 1949இல் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், 1959இல் கோலாலம்பூரில் ஒரு பிரிவைத் தொடங்கி, 1962 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. இங்குள்ள இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கப்பட்டது. அத்துறைக்குத் தலைமை வகித்த தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. நம் மொழிக்கும் இவ்விடத்திற்கும் நெடுநாளைய உறவு உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

ஏரியையும் மண்டபங்களையும் சுற்றிப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், மாணவர் விவகார அலுவலகத்தில் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். முதலாண்டு மாணவருக்கு விடுதியில் இடம் கிடைக்குமா? ஒரு பருவத்திற்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் எவ்வளவு? பி.டி.பி.டி.என். கல்விக் கடனுக்கும் உபகாரச் சம்பளத்திற்கும் எப்பொழுது விண்ணப்பிக்க வேண்டும்? பி.டி.பி.டி.என். கடன் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டியது என்பதை மறவாதீர்கள். விடைகளைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

மதிய உணவை மாணவர்கள் உண்ணும் உணவகத்திலேயே உண்ணுங்கள். நகரக் கடைகளைவிட விலை குறைவு என்பதோடு, பிள்ளைக்கு மாதந்தோறும் உணவுக்கு என்ன ஆகும் என்ற கணக்கும் கையோடு கிடைத்துவிடும். 1974இல் அமைக்கப்பட்ட 'ரிம்பா இல்மு' தாவரத் தோட்டமும் வளாகத்திலேயே இருக்கிறது. நேரமிருப்போர் நுழைவுக் கட்டணத்தைக் கேட்டறிந்து சென்று காணலாம்.

பிற்பகல்: நகரம்

பாசார் செனி நிலையத்தில் இறங்கினால், எதிரே பழைய மத்தியச் சந்தைக் கட்டடம். 1888இல் தொடங்கிய இச்சந்தையில் இப்பொழுது கைவினைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. பார்ப்பதற்குப் பணம் கேட்பாரில்லை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை அடையலாம். தைப்பூசத்திற்கு வெள்ளி இரதம் பத்துமலை நோக்கிப் புறப்படுவது இங்கிருந்துதான்.

பின்னர் ஆற்றை ஒட்டி நடந்து சுதந்திரச் சதுக்கத்திற்குச் செல்லுங்கள். 1957 ஆகஸ்டு 31 பிறந்த நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறக்கப்பட்ட இடம் இது. எதிரே மணிக்கூண்டுடன் நிற்பது 1897இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். அருகில், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில், 1909இல் திறக்கப்பட்ட ஜாமெக் பள்ளிவாசல் உள்ளது. பள்ளிப் பாடநூலில் படித்தவற்றைப் பிள்ளை இங்கே நேரில் காணலாம்.

மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் மீண்டும் இரயிலேறி, இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 452 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தின் மேலே ஏறத்தான் கட்டணம் அதிகம். கீழே பூங்காவில் அமர்ந்து அண்ணாந்து பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லை. நேரம் குறைவாயின் இதனை விட்டுவிடுங்கள். பிள்ளை இங்கே படிக்க வந்தால் எத்தனையோ மாலைகள் உண்டு.

செலவுக்குச் சில குறிப்புகள்

காலையில் வீட்டிலேயே பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீரும் சிறிது உணவும் உடன் எடுத்து வாருங்கள். நகர மையத்தில் ஓடும் 'கோ கே.எல்.' பேருந்துகளில் மலேசியருக்குக் கட்டணமில்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஊர் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைக் காலையிலேயே கேட்டுக்கொண்டால், இரவு தங்கும் செலவு நேராது.

பெற்றோர்களே! இப்பயணத்தை வெறும் உல்லாசம் என்று எண்ணாதீர்கள். பிள்ளை உண்ணப்போகும் மேசையையும், ஏறி இறங்கப்போகும் நிலையத்தையும் நீங்களே கண்ணால் கண்டுவிட்டால், இடம் கிடைத்ததென்று செய்தி வரும் நாளில் "தெரியாத ஊர்" என்று சொல்ல வேண்டியிராது. அடுத்த விடுமுறையில் ஒரு நாளைப் பிள்ளைக்காக எடுத்து வையுங்கள்.