கால்பந்து வீரரின் எரிபொருள்

கோல்கீப்பர் நீங்கலாக, முன்னணிக் கால்பந்து வீரர் ஒருவர் 90 நிமிடங்களில் ஏறத்தாழ 10 முதல் 13 கிலோமீட்டர் தூரம் ஓடுகிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். முழுவேகப் பாய்ச்சல் சில நொடிகளே நீடிக்கும். ஆட்டத்தின் போக்கை மாற்றுவது பெரும்பாலும் அந்த நொடிகளே.

மெதுவோட்டத்துக்கான ஆற்றலை ஆக்சிஜன் துணையோடு உடல் தயாரித்துக்கொள்கிறது. பாய்ச்சலுக்கு அந்தத் தயாரிப்பின் வேகம் போதாது. அப்போது தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டும், சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜனும் கைகொடுக்கின்றன. கிளைகோஜன் குறைந்த நிலையில் களமிறங்கியவர்கள் இரண்டாம் பாதியில் குறைவாக ஓடியதை ஸ்வீடன் நாட்டு உடலியலாளர் பெங்ட் சால்டின் 1973லேயே எடுத்துக்காட்டினார். ஆட்டத்துக்கு முந்தைய நாள் சோறும் உருளைக்கிழங்கும் பயிற்சியைப் போலவே முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

வீரரின் உடல்தகுதியை அளக்க டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ வகுத்த யோ-யோ சோதனை அருமையானது. 20 மீட்டர் ஓடி, திரும்பி ஓடிவந்து, 10 நொடி மட்டும் இளைப்பாறி, மீண்டும் ஓட வேண்டும். ஓட்டத்துக்குத் தாளம் தரும் ஒலிக்குறிப்பின் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஈடுகொடுக்க முடியாதபோது சோதனை முடிகிறது. ஒரே சீராக ஓடவைக்கும் சோதனைகளைவிட இது ஆட்டக்களத்துக்கு நெருக்கமானது. பாய்ந்தபின் எவ்வளவு விரைவில் மீள்கிறார் என்பதை இது அளக்கிறது.