அம்னோ பேரவை நாள்களில் பெரிய மருத்துவமனைக்குப் போகிறீர்களா?

கோலாலம்பூர் சவுக்கிட் பக்கம் போய் வருகிறவர்கள் அம்னோ பொதுப்பேரவை வந்துவிட்டதை நாள்காட்டி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜாலான் துன் இஸ்மாயில் ஓரமெல்லாம் சிவப்பு வெள்ளைக் கொடிகள் ஏறிவிடும்.

1985இல் திறக்கப்பட்டு, நாம் இன்றும் பி.டபிள்யூ.டி.சி. என்றே சொல்லும் உலக வாணிப மையத்தில்தான் பேரவை வழக்கமாகக் கூடுகிறது. நாடு முழுவதும் உள்ள 191 தொகுதிகளிலிருந்து பேராளர்கள் வருவார்கள். முதலில் இளைஞர், மகளிர், புத்ரி பிரிவுகள் கூடும். பிறகு டேவான் மெர்டேக்காவில் தலைவரின் கொள்கையுரை. தோழமைக் கட்சித் தலைவர்களும் அன்றைக்குத்தான் வந்திறங்குவார்கள். நெரிசலும் அன்றைக்குத்தான் அதிகம்.

யார் என்ன பேசினார் என்பதை மாலைச் செய்தியில் பார்த்துக்கொள்ளலாம். நம்மவர்களின் கவலை வேறு. அந்த மண்டபத்திலிருந்து சற்றுத் தூரத்தில்தான் கோலாலம்பூர் மருத்துவமனையும் தேசிய இருதயக் கழகமும் இருக்கின்றன. தோட்டத்திலிருந்து விடியற்காலையில் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அது மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி.

அந்த நாள்களில் காரை வழியிலேயே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவது நல்லது. சுங்கை பூலோவிலோ சுங்கை பீசியிலோ எம்.ஆர்.டி. புத்ராஜெயா தடத்தைப் பிடித்தால், கோலாலம்பூர் மருத்துவமனை என்ற பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கலாம். தஞ்சோங் மாலிம், ரவாங் பக்கமிருந்து கொமுட்டரில் வருகிறவர்களும் சுங்கை பூலோவில் மாறிக்கொள்ளலாம். புத்ரா கொமுட்டர் நிலையமும் பி.டபிள்யூ.டி.சி. எல்.ஆர்.டி. நிலையமும் மண்டபத்தை ஒட்டியவை. பேராளர் கூட்டம் அங்கேதான் இறங்கும். சக்கர நாற்காலியோடு அந்தப் படிக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

நடக்க முடியாதவர்களைக் காரில்தான் கொண்டுவர வேண்டுமென்றால், ஜாலான் துன் இஸ்மாயிலையும் ஜாலான் புத்ராவையும் தவிர்த்து ஜாலான் துன் ரசாக் வழியாக வாருங்கள். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். முக்கியப் பிரமுகர்களின் வாகன வரிசைக்காகப் போலீஸ் சாலையை மறித்தால், எவ்வளவு அவசரம் என்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் சொந்தக் காரை நம்பாமல் 999க்கு அழையுங்கள்.

தேதியை மாற்றலாமா என்று சிலர் யோசிக்கலாம். சாதாரணப் பரிசோதனை என்றால், அட்டையில் உள்ள கிளினிக் எண்ணுக்கு முன்கூட்டியே பேசி மாற்றிக் கேட்கலாம். சொல்லாமல் போகாமல் இருந்துவிட்டால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். டயாலிசிஸ், கீமோ போன்றவற்றை மட்டும் நெரிசலுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். மருந்து வாங்க மட்டும் போவதாக இருந்தால், கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள்.