உறக்கத்தில் உண்ணும் கோளாறும் மருந்துச் சிகிச்சையும்

உறக்கத்தில் உண்ணும் கோளாறு என்பது, ஒருவர் அரைத்தூக்கத்தில் எழுந்து தன் கட்டுப்பாடின்றி உண்ணும் உறக்கக் கோளாறு ஆகும். சமைக்காத உணவையும் சிலர் உண்பர். காலையில் பலருக்கு இது நினைவிருக்காது. அடுப்பு, கத்தி ஆகியவற்றால் காயமும் ஏற்படலாம். முழு விழிப்புடன் நள்ளிரவில் உண்பது இதிலிருந்து வேறுபட்டது.

காரணம்

தூக்கமின்மைக்குத் தரப்படும் சோல்பிடெம் மாத்திரையே சிலருக்கு இக்கோளாற்றைத் தூண்டுகிறது. இம்மாத்திரையை உட்கொண்டவர்கள் தூக்கத்தில் நடப்பது போன்ற செயல்களால் காயமடைந்ததையும் இறந்ததையும் கருத்தில் கொண்டு, 2019 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இதற்கு விதித்தது. இந்தியாவில் இது எச்1 அட்டவணை மருந்து. எனவே திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ எந்த மருந்துக்கடையும் மருத்துவர் சீட்டின்றி இதை விற்கக் கூடாது. விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சிகிச்சை

புதிய மருந்தைத் தொடங்கும் முன், நோயாளி ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளை மருத்துவர் ஆராய்வார். தூண்டும் மருந்தை அவர் மேற்பார்வையில் நிறுத்தினால் கோளாறு நின்றுவிடக்கூடும். தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கால் அமைதியின்மை, உறக்க மூச்சுத்தடை ஆகியவை இருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை தேவை. அதன் பின்னும் தொடர்ந்தால், வலிப்பு நோய்க்கான டோபிராமேட் மருந்து சிலருக்குப் பயன்படுகிறது. கைகால் மரத்தல், சிந்தனை மந்தம், சிறுநீரகக் கல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். கருவையும் இது பாதிக்கக்கூடும் என்பதால், கருவுற்றவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.