மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

பழைய மொறிஸ் மைனர் எங்காவது நிற்கக் கண்டால் அதன் பொனற்றைக் கவனியுங்கள். நடுவே நீளவாக்கில் தட்டையான பட்டை ஒன்று ஓடும். அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் மாதிரிக் காரைச் செய்து முடித்த பிறகு, அகலம் போதவில்லை என்று அதை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது அவருக்குத் திருப்தி வந்தது. அந்த 4 அங்குலம்தான் பொனற்றில் பட்டையாக நிற்கிறது. பம்பர்கள் ஏற்கெனவே செய்து முடிந்திருந்ததால், முதலில் வந்த கார்களில் அவற்றையும் நடுவில் அறுத்து, இடையில் ஒரு துண்டை வைத்துப் பூட்டி அனுப்பினார்கள்.

1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு அந்தக் கார் வந்தபோது இரண்டு உருவங்களில் வந்தது. ஒன்று கூரையுள்ள சலூன். மற்றது துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிடக்கூடிய ரூறர். இரண்டுக்கும் விலை ஏறத்தாழ 358 பவுண். ஆசிரியரும் எழுதுவினைஞரும் வாங்கக்கூடிய திறந்த கார் அது. 1969 வரை துணிக்கூரை மைனர்கள் வந்துகொண்டிருந்தன. எல்லா வகையும் சேர்த்து உலகெங்கும் 16 இலட்சத்துக்கு மேல் மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றில் துணிக்கூரை போட்டவை ஏறத்தாழ 75,000.

கூரையை எடுத்துவிட்டு அதே விலைக்கு விற்பது கேட்க இலேசாக இருக்கும். உண்மையில் கூரையை எடுப்பது காரின் முதுகெலும்பில் கைவைப்பது. மைனருக்குத் தனியான சசி கிடையாது. தரைத் தகடு, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாக ஒட்டி, உடம்பே பாரத்தைத் தாங்கும் அமைப்பு. மூடியோடு இருக்கும் சப்பாத்துப் பெட்டியைக் கையால் முறுக்கிப் பாருங்கள், அசையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். கூரையில்லாத காரும் பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது அப்படித்தான் முறுகப் பார்க்கும். அதனால் ரூறரில் கதவின் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்களுக்குள்ளும் கதவுத் தூண்களின் மூலைகளிலும் கூடுதல் தகடு வைத்துப் பலப்படுத்தினார்கள். கூரை சுமந்த வேலையைத் தரை சுமந்தது.

பழைய திறந்த மைனரை வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் இலகுவான சோதனை உண்டு. ஒரு பக்கச் சில்லை ஜக் போட்டு உயர்த்திவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ, மூட மறுத்தாலோ கீழ்ச் சட்டம் துருவேறி உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். பெயின்ற் எவ்வளவு மினுங்கினாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் ஓடியவற்றில் பெரும்பாலானவை சலூன்களே. மொறிஸ் மைனரோடு ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியவையும் காங்கேசன்துறை வீதியில் வாடகைக் கார்களாக ஓடின. 1960களில் இலங்கையின் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 வரை புதிய கார் என்பது அபூர்வம். இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓட்டும் பழக்கம் அப்போதே வேர்விட்டுவிட்டது. பொனற்றைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துகொள்ளக்கூடிய கார்கள் அவை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் மின்சாரமும் போயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், எட்டாத விலையில் கிடைத்தது. அதுவும் விளக்குக்கும் இறைப்புக்கும் போதாது. ஆனாலும் கார்கள் ஓடின. பிரசவ வலி கண்டவளை இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தவில் நாதஸ்வரக்காரரைக் கோயிலுக்கு ஏற்றிச் செல்ல, நாற்பது வருடப் பழைமையான கார்கள் வெள்ளைப் புகை தள்ளிக்கொண்டு மண்ணெண்ணெயில் ஓடின.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? பலர் நினைப்பதுபோல மண்ணெண்ணெய் வலுக் குறைந்த எரிபொருள் அல்ல. ஒரு லீற்றரில் அடங்கியிருக்கும் சக்தியைப் பார்த்தால் பெற்றோலைவிடச் சற்றுக் கூட. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, ஆவியாதல். எஞ்சினுக்குள் திரவம் எரிவதில்லை. ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. பெற்றோல் உறைகுளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு ஏறக்குறைய 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் வேண்டும். ஆறிக் கிடக்கும் எஞ்சினில் மண்ணெண்ணெயை விட்டு எத்தனை தரம் சுற்றினாலும் ஸ்ராட் வராது. எனவே தொடக்கத்துக்குச் சொட்டுப் பெற்றோல். சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் பத்திரமாக வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் பீச்சி ஸ்ராட் செய்வார்கள். எஞ்சின் சுட்ட பிறகே மண்ணெண்ணெய்க்கு வழி திறக்கும். எங்கள் ஊர்க் கராஜ் ஒன்றில் மெக்கானிக் ஒருவர் தன் கையாளிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “தம்பி, மனிபோல்டில கை வைச்சுப் பார். கை பொறுக்குமெண்டால் இன்னும் நேரம் கிடக்கு.”

அந்த மனிபோல்டில் ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. மைனரில் பின்னாளில் வந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். புகைக்குழாயின் சூடு உள்ளே வரும் கலவையைச் சூடாக்கும். இங்கிலாந்தின் குளிரில் பெற்றோலை ஆவியாக்கச் செய்த ஏற்பாடு அது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. எங்கள் வெயிலும் கைகொடுத்தது. இதையே குளிரான நுவரெலியாவில் செய்யப் பார்த்திருந்தால் பாடு பெரும்பாடாகியிருக்கும்.

இரண்டாவது சிக்கல், எஞ்சினின் தட்டல். பிஸ்டன் மேலேறிக் கலவையை அமுக்கும்போது அது சூடேறும். பிளக்கின் பொறியில் எழும் நெருப்பு ஒழுங்காகப் பரவுவதற்கு முன்பே மீதிக் கலவை தானாக வெடித்தால் ‘டக்டக்’ என்று தட்டும். நாளடைவில் பிஸ்டனையே துளைத்துவிடும். இந்தத் தானாக வெடிக்கும் குணத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு என்பதை ஒக்ரேன் எண் சொல்கிறது. பெற்றோலுக்கு அது 90ஐ ஒட்டியது. விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்கு அதில் பாதியும் தேறாது. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சூட்டிலும் அமுக்கத்திலும் சீக்கிரம் உடைந்து எரியத் தொடங்கிவிடும்.

இங்கேதான் பழைய எஞ்சினின் தாராளம் தெரிகிறது. ஒஸ்ரின் ஏ40 சோமர்செற்றில் அமுக்க விகிதம் 7.2 தான். 803 சிசி மைனரிலும் அதேதான். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த மட்டமான பெற்றோலுக்காக அப்படிக் குறைத்து வைத்தார்கள். 1956 இல் வந்த 948 சிசி மைனரில் அது 8.3 வரை உயர்ந்தது. ஆகவே மண்ணெண்ணெயோடு ஒத்துப்போவதில் பிந்திய மைனரைவிட முந்தியது மேல். அதற்கு மேலும் தட்டினால் டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, கையால் சற்றுத் திருப்பி, பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்யலாம். கணினியோ கருவியோ வேண்டியதில்லை, சாவியும் காதும் போதும்.

எங்கள் நிலமும் ஒரு காரணம். எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் தட்டல் மோசமாகும். யாழ்ப்பாணம் மேடு பள்ளமில்லாத சுண்ணாம்புக்கல் நிலம். மலையேற வேண்டிய தேவையே இல்லை. மெதுவாக, ஒரே சீராக ஓடினால் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும்.

விலை கொடுக்காமல் எதுவும் நடக்கவில்லை. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணீராகும், ரிங் தேயும். பிளக்கில் கரி அப்பும், கழற்றிச் சுரண்டித் திரும்பப் பூட்ட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் நெஞ்சும் கண்ணும் பட்ட பாடு கணக்கில் வரவேயில்லை.

இந்த வித்தை போர்க்காலத்தில் திடீரென்று பிறந்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இணுவிலின் செம்மண் தோட்டங்களில் புகையிலைக்கு நீர் இறைத்த மிசின்களைப் பாருங்கள். துலா மிதிப்புக்குப் பதிலாக வந்த அந்தச் சிறிய எஞ்சின்கள் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. சூடேறிய பிறகு மாற்றுவது, நிற்பாட்டுவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்புவது, ஒயிலை அடிக்கடி மாற்றுவது எல்லாம் தோட்டக்காரனின் அன்றாட அறிவு. பிரித்தானியாவிலும் பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இதே முறையில்தான் ஓடியது. தோட்டத்தில் இருந்த அறிவை 1990 இல் கராஜ்காரர் காருக்குள் கொண்டுவந்தார்கள் என்பதே என் முடிவு. தடை ஏற்படுத்தியது தேவையை மட்டுமே.

அதே 1990களில் நாட்டின் தெற்கில் இந்தக் காருக்கு வேறொரு வாழ்வு தொடங்கியது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், இலங்கைத் தொழிலதிபர் தனபால சமரசேகரவுடன் சேர்ந்து ‘டியூரபிள் கார் கம்பனி’யை அமைத்தார். தொழிற்சாலை கைவிட்ட மைனருக்கு உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. கார்களைச் சில வருடங்களில் எறிவதைவிடத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்பது வெயரின் வாதம். ஒரே தீவில், ஒரே காலத்தில், ஒரு முனையில் மைனருக்குப் புதிய தகடு அடித்தார்கள். மறுமுனையில் பழைய தகட்டோடு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரிய வழியிருக்கவில்லை.

மலிவான சிறிய திறந்த கார் என்ற எண்ணத்துக்கு உலகம் மறுபடி திரும்பியதும் அந்தக் காலத்திலேதான். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா எம்எக்ஸ்-5 அறிமுகமானது. உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் அது, 2016 இல் 10 இலட்சத்தைத் தாண்டியது. அருமையான கார்தான். ஆனால் அதன் முதல் எஞ்சினின் அமுக்க விகிதம் 9.4. எரிபொருளை அளந்து பீச்சுவது கணினி. அதற்கு மண்ணெண்ணெய் விட்டு வீடு போய்ச் சேரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

1990களில் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். டிஸ்ரிபியூற்றரை எவ்வளவு திருப்பினார்கள், ஒயிலை எத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றினார்கள், எந்த மொடல் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதெல்லாம் அவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் ஒரு பழைய ஏ-சீரிஸ் எஞ்சினை மேசையில் ஏற்றி, இந்த முறைகளை அளந்து எழுதி வைக்கலாம். உங்கள் வீட்டுக் கொட்டிலில் பழைய மைனரோ ஏ40யோ கிடந்தால் இரும்புக்கு விற்றுவிடாதீர்கள். அதைத் திருத்தியவர் உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய் அவரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.