ஐந்து நிமிடத்தில் முழு சார்ஜ்: இந்தச் செய்தியை எப்படிப் படிப்பது?

"ஐந்து நிமிடத்தில் முழு சார்ஜ்." "ஒரு முறை சார்ஜ் போட்டால் ஆயிரம் கிலோமீட்டர்." "லித்தியத்துக்கு விடை கொடுக்கும் புது பேட்டரி." இப்படி ஒரு தலைப்பு அடிக்கடி உங்கள் கண்ணில் படும். படித்ததும் இரண்டு கேள்விகள் எழும். இது உண்மையா? உண்மை என்றால், இப்போது மின்சார ஸ்கூட்டரோ காரோ வாங்காமல் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் உண்மைதான். இந்தச் செய்திகளில் பொய் குறைவு, சொல்லாமல் விட்டது அதிகம். இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தினமும் வண்டி ஓட்டுகிறவர் என்றால் பொறுக்க வேண்டாம். ஏன் என்று கடைசியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அப்படி எதைச் சொல்லாமல் விடுகிறார்கள்? முதலில், சோதித்த பேட்டரியின் அளவு. ஆய்வகத்தில் ஒரு புதுப் பொருளைச் சோதிக்கும்போது கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற சின்ன செல்லில்தான் (பேட்டரிக்குள் இருக்கும் ஒற்றை அலகு) தொடங்குவார்கள். அதில் தப்பில்லை, அதுதான் முறை. ஆனால் ஒரு மின்சார காரில் நூற்றுக்கணக்கில், சில கார்களில் ஆயிரக்கணக்கில் செல்கள் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். சின்ன செல்லில் சூடு உடனே வெளியேறிவிடும். அடுக்கின் நடுவில் மாட்டிய செல்லுக்கு அந்த வசதி கிடையாது. அதோடு, ஒரு செல்லை அருமையாகச் செய்வது வேறு வேலை, கோடிக்கணக்கில் ஒரே மாதிரி செய்வது வேறு வேலை.

இன்னொன்று, எத்தனை முறை தாங்கும் என்பது. ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏறி, ஐம்பது முறையில் பாதி சக்தியை இழக்கும் பேட்டரி யாருக்கும் பயன்படாது. எனவே செய்தியில் "இத்தனை முறை சார்ஜ் போட்ட பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு மீதம் இருந்தது" என்ற வகையில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த வரி இல்லாத செய்தியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விலையைப் பற்றியும் பேச்சே இருக்காது. அதற்குக் காரணம் எளிது, ஆய்வகக் கட்டத்தில் விலை யாருக்கும் தெரியாது.

ஆய்வகத்தில் வென்றது கடைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? இப்போது உங்கள் கையில் இருக்கும் போனின் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரிக்கான அடிப்படை வேலையை 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்தார். 1980-இல் ஜான் குட்இனஃப் அதற்கு வலுவான ஒரு புதுப் பொருளைக் கண்டார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ பாதுகாப்பான மாதிரியை உருவாக்கினார். சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-இல். மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது 2019-இல். தொடக்கத்திலிருந்து கடைக்கு வர ஏறக்குறைய இருபது ஆண்டு.

புதுசாக வருவதும் அதே வேகத்தில்தான் நகர்கிறது. 2014-இல் இஸ்ரேலின் ஸ்டோர்டாட் நிறுவனம் 30 விநாடியில் ஒரு போனுக்கு முழு சார்ஜ் ஏற்றிக் காட்டியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். அந்த பேட்டரியோடு ஒரு போன் நம் கடைகளுக்கு வரவில்லை. நிறுவனம் பின்னர் கார் பேட்டரி பக்கம் திரும்பியது. திடநிலை பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருள் வைத்தது) 2020-களின் தொடக்கத்தில் வரும் என்று டொயோட்டா 2017-இல் எதிர்பார்த்தது. 2023-இல் அதே நிறுவனம் சொன்ன ஆண்டு 2027–28. இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. கடினமான வேலை, நாள் பிடிக்கிறது.

சரி, ஐந்து நிமிட சார்ஜ் நிஜமாகவே வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், வந்திருக்கிறது. 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம், ஐந்து நிமிட சார்ஜில் சுமார் 400 கிலோமீட்டர் ஓடும் கார்களை அறிவித்தது. அது ஆய்வகச் செல் இல்லை, விற்பனைக்கான கார். அந்த 400 சீனாவின் சோதனை முறைப்படி வந்த எண். சாலையில் அவ்வளவு கிடைக்காது. அப்படியிருந்தும் பெரிய சாதனைதான், பாராட்ட வேண்டியதுதான்.

இப்போது உங்கள் வீட்டு கரன்ட் பில்லை எடுங்கள். அதில் வரும் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி (ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம்). அந்த கார் சார்ஜரின் உச்ச வேகம் 1000 கிலோவாட். ஐந்து நிமிடமும் அதே உச்சத்தில் ஓடினால் சுமார் 83 யூனிட். இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீடு என்றால், இருபது நாள் மின்சாரம் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தால், 200 வீடுகள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரத்தை ஒரு கார் இழுக்கிறது.

இதன் பொருள் உங்களுக்கு என்ன? ஐந்து நிமிட சார்ஜ் உங்கள் வீட்டில் நடக்காது. வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் தரக்கூடியது அதிகபட்சம் மூன்றரை கிலோவாட்டுக்குள்தான். அதே காரை அந்த பிளக்கில் போட்டால் 83 யூனிட் ஏற ஒரு நாள் முழுக்க வேண்டும். ஆக, பேட்டரி எவ்வளவு முன்னேறினாலும் வீட்டில் உங்கள் வேகத்தைத் தீர்மானிப்பது ஒயரும் பிளக்கும்தான். வேக சார்ஜ் நெடுஞ்சாலை நிலையங்களுக்கான வசதி. மாதம் ஒரு முறை வெளியூர் போகிறவர் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

ஸ்கூட்டருக்கும் இதே கணக்குதான். 3 யூனிட் பேட்டரியை ஐந்து நிமிடத்தில் நிரப்ப 36 கிலோவாட் வேண்டும். வீட்டுக்கான சார்ஜர்கள் பல ஒரு கிலோவாட்டுக்கும் கீழே இருப்பவை, அதனால்தான் நான்கைந்து மணி நேரம். இரவு தூங்கும் நேரத்தில் வண்டி சும்மாதானே நிற்கிறது, அந்த நான்கு மணி நேரம் பலருக்குக் குறையே இல்லை.

என் போன் மட்டும் அரை மணியில் ஏறிவிடுகிறதே? போன் பேட்டரி மிகச் சிறியது. 5000 மில்லிஆம்பியர் மணி என்று போட்டிருக்கும் போனை ஏறத்தாழ ஐம்பது முறை நிரப்பினால்தான் ஒரு யூனிட் ஆகும். போன் சார்ஜால் கரன்ட் பில் ஏறுகிறது என்ற கவலையை இத்தோடு விட்டுவிடலாம்.

முதல் பாதி விறுவிறு என்று ஏறி, 80-க்கு மேல் ஏன் மந்தமாகிறது? பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட அணுக்கள்) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் கார்பன் அடுக்குகளுக்குள் உட்கார வேண்டும். காலி பேருந்தில் முதலில் ஏறுகிறவர்கள் உடனே உட்கார்ந்துவிடுவார்கள், கடைசியில் ஏறுகிறவர்தான் இடம் தேடி அலைவார். அவசரப்படுத்தினால், இடம் கிடைக்காத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தப் படிவு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ஊசி போல வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. அதனால் போனும் காரும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு.

அப்படியானால் வேக சார்ஜ் கெடுதலா? நிறுவனம் கொடுத்த சார்ஜரில், நிழலில், எப்போதாவது போட்டால் பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரியின் முக்கிய எதிரி சூடு. மின்னோட்டத்தை இரட்டிப்பாக்கினால் சூடு உருவாகும் வேகம் நான்கு மடங்காகும். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊர்களில் கோடையில் வெயில் 40-ஐத் தாண்டுகிறது. எனவே காரின் முன்கண்ணாடி அருகே போனை வைத்து சார்ஜ் போடாதீர்கள். தலையணைக்கு அடியிலும் வேண்டாம். முழு சார்ஜும் கடும் சூடும் சேர்ந்தால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தேயும். போனில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால், வீட்டிலேயே இருக்கும் நாட்களில் அதைப் போட்டு வையுங்கள். பயணம் என்றால் தாராளமாக 100 வரை ஏற்றுங்கள். பேட்டரி உங்களுக்காகத்தான் இருக்கிறது.

ஸ்கூட்டர் விஷயத்தில் நான் இன்னும் கறாராகப் பேசுவேன். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு, ஏஐஎஸ் 156 என்ற பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டது. 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக அது நடைமுறைக்கு வந்தது. ஒரு செல்லின் சூடு மற்ற செல்களுக்குப் பரவுவது பற்றிய சோதனையும் அதில் உண்டு.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. வண்டியை வெளியேறும் வழியை மறித்து நிறுத்தி சார்ஜ் போடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதை இன்றே மாற்றுங்கள். தீப்பிடித்தால் புகை மேலே ஏறுவதும் நீங்கள் கீழே இறங்குவதும் அதே வழியில்தான். வெயிலில் ஓட்டி வந்த உடனே சார்ஜில் போடாமல் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். எர்த் சரியாக உள்ள, தனி ஒயர் இழுத்த பிளக் வேண்டும். ஆட்டம் காணும் பிளக்கில் மணிக்கணக்கில் மின்சாரம் ஓடினால் பேட்டரி நல்லதாக இருந்தாலும் பிளக் எரியும்.

மழை வெள்ளம் வண்டிக்குள் போய்விட்டால்? வெளியே காய்ந்துவிட்டது என்று நம்பி சார்ஜ் போடவே கூடாது. சர்வீஸ் ஆள் பார்த்த பிறகுதான். பேட்டரி உப்பியிருந்தாலோ, வித்தியாசமான வாடை வந்தாலோ அதே விதி. தீப்பிடித்தால் அணைக்க நிற்காமல் எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள். லித்தியம் பேட்டரித் தீ அணைந்தது போலத் தோன்றி மறுபடி பற்றக்கூடும்.

சோடியம் பேட்டரி (சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம்) பற்றி நிறைய பேசுகிறார்களே? சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் 2021-இல் ஒன்றை அறிமுகப்படுத்தியது, 2025-இல் அடுத்ததையும் அறிவித்தது. சோடியம் எங்கும் கிடைக்கும், மலிவாக வாய்ப்புண்டு. ஆனால் அதே எடைக்குக் குறைந்த சக்திதான் சேமிக்கும். எடை ஒரு பொருட்டில்லாத வீட்டு இன்வெர்ட்டருக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம். கடும் குளிரிலும் நன்றாக வேலை செய்யும் என்ற அதன் பெரிய சிறப்பு நம் ஊருக்குத் தேவைப்படாது. நம் காரைக்குடியிலும் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரிகளை ஆராய்ந்து வருகிறது. அங்கிருந்து வரும் செய்திகளையும் இதே கேள்விகளோடு, அதே ஆர்வத்தோடு படியுங்கள்.

பெரிய தலைப்பு வராத ஒரு செய்திதான் உங்கள் பணத்தை அதிகம் தொடுகிறது: விலை. ப்ளூம்பெர்க்என்இஎஃப் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2010-இல் ஒரு யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியின் விலை 1000 டாலரைத் தாண்டியிருந்தது. 2024-இல் 115 டாலர். ஒரே நாளில் நடந்த அதிசயம் இதில் எதுவும் இல்லை. தொழிற்சாலைகளில் வருடா வருடம் நடந்த சின்னச் சின்னத் திருத்தங்களின் பலன்.

விலை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் காத்திருப்பதுதானே லாபம்? நீங்கள் தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் நாளுக்கு சுமார் 67 ரூபாய். மின்சார ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட், எட்டு ரூபாய் என்று வையுங்கள். நாளுக்கு 59 ரூபாய் மிச்சம். வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால், இரண்டு ஆண்டு காத்திருப்பதன் விலை 35,000 ரூபாய்க்கு மேல். அவ்வளவு விலை இறங்கும் என்று எந்தச் செய்தியும் உங்களுக்கு உறுதி தராது. தினமும் ஐந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு மாறும். அவர் இருக்கும் வண்டியையே இன்னும் சில ஆண்டு ஓட்டலாம், நஷ்டமில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால், கடையில் சார்ஜ் வேகத்தைக் கேட்பதற்கு முன் வாரண்டி தாளைக் கேளுங்கள். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை போதாது. பழைய வண்டி வாங்குகிறவர் என்றால் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரானதாக இருந்தால் கடுமையாக்கிய விதிக்குள் வந்தது. வாரண்டி புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா என்பதையும் நிறுவனத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.