மேசைமேல் ஒரு பால்மரத் தோட்டம்: சாத்தே குச்சியும் கடுகும் போதும்

1942 ஜனவரி 7, விடியலுக்கு முந்தைய நேரம். பேராக், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் நோக்கி ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே இறங்கின. சாலையின் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள். விடிந்து சில மணி நேரத்துக்குள் 11ஆவது இந்திய டிவிஷனின் தற்காப்பு குலைந்தது. அடுத்த நான்கே நாள்களில், ஜனவரி 11ஆம் தேதி, கோலாலம்பூர் வீழ்ந்தது.

இப்படிப்பட்ட சண்டைகளைச் சிறு பொம்மைச் சிப்பாய்களை வைத்து, பகடை உருட்டி, மேசைமேல் மறுபடி நடத்திப் பார்ப்பது ஒரு பழைய பொழுதுபோக்கு. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டிலேயே இதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். இன்று ‘வார்ஹேமர்’, ‘போல்ட் ஆக்‌ஷன்’ போன்ற பெயர்களில் உலகம் முழுவதும் ஆடப்படுகிறது. சிப்பாய்களைக் கடையில்தான் வாங்க வேண்டும். ஆனால் அவர்கள் நின்று சண்டை போடும் நிலம், அதாவது மேடு, ஆறு, வீடு, மரம் எல்லாம் பெரும்பாலும் வீட்டிலேயே செய்யப்படுபவை. நவராத்திரிக்குக் கொலுப்படியின் கீழே கடுகும் கேழ்வரகும் முளைக்க விட்டுக் காடு அமைக்கும் குடும்பங்களுக்கு இந்த வேலை புதிதல்ல.

மலாயாப் போரை ஆட நினைப்பவர்களுக்குச் சிக்கல் மரத்தில்தான் தொடங்குகிறது. பொழுதுபோக்குக் கடைகளில் கிடைக்கும் மாதிரி மரங்களில் பெரும்பகுதி ஐரோப்பாவின் பைன், ஓக் வகைகள். விலையும் கூடுதல். அவற்றை விட்டால் பிளாஸ்டிக் பனை, தென்னை. தென்னை கிள்ளான் கடலோரத்துக்குப் பொருந்தும். சிலிம் ரிவருக்குப் பொருந்தாது. செம்பனையும் அப்படித்தான். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கில் நடப்பட்டாலும், அது நாடெங்கும் ரப்பரின் இடத்தைப் பிடித்தது மிகவும் பிற்காலத்தில். 1942இன் மேசைக்கு வேண்டியது பால்மரம்.

காடு வேறு, தோட்டம் வேறு

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. பச்சையாக இருப்பதையெல்லாம் ‘காடு’ என்று எடுத்துக்கொண்டால் ஆட்டமே தவறிப்போகும். அடர்ந்த காட்டுக்குள் பத்தடி தள்ளி நிற்பவரைப் பார்ப்பதே கடினம். புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருக்கும் தோட்டத்தில் அப்படி இல்லை. நிரையின் வழியே பார்த்தால் கண் வெகுதூரம் போகும். சதுரமாக நட்ட தோட்டத்தில் மூலைவாட்டத்திலும் அதே போலத் திறந்த பாதை தெரியும். கொஞ்சம் தள்ளி நின்றால் மரங்கள் ஒன்றையொன்று மறைத்துச் சுவர்போல ஆகிவிடும். கால்நடையாகப் போவது எளிது. மேலே இலைக்கூரை இருப்பதால் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. இதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டில் அச்சிடும் விதிப்புத்தகங்களுக்குத்தான் சொல்ல வேண்டும்.

சிலிம் ரிவரில் இது நேரடியாகவே வேலை செய்தது. பெருஞ்சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்தன. சாலைத் தடைகளைச் சுற்றிக்கொண்டு முன்னேற ஜப்பானிய டாங்கிகளுக்கு அவை கைகொடுத்தன. ஆகவே மேசையில் மரங்களைக் கண்டபடி நட்டால் அந்தக் காலைப்பொழுது புரியாது. வரிசையில் நட வேண்டும்.

அளவும் செய்முறையும்

பரவலாகப் பயன்படும் சிப்பாய்ப் பொம்மைகளில் ஒரு வகை, உண்மையில் 72இல் ஒரு பங்கு. இந்த அளவையே எடுத்துக்கொள்ளலாம். பால்மரத்தின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டுக்கு எடுப்பார்கள். சில ஆண்டு வெட்டிய மரம் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும். மூன்று மில்லிமீட்டர் தடித்த மூங்கில் சாத்தே குச்சியை 72ஆல் பெருக்கினால் 21 சென்டிமீட்டருக்கு மேல் குறுக்களவு, 68 சென்டிமீட்டர் அளவில் சுற்றளவு. வெட்டில் இருக்கும் மரம் அச்சாக அப்படித்தான் இருக்கும். வேறு எதையும் தேட வேண்டாம். பயன்படுத்திய குச்சி என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் சாயம் ஒட்டாது.

உயரத்தில் மட்டும் கொஞ்சம் ஏமாற்ற வேண்டியிருக்கும். 20 மீட்டர் மரம் இந்த அளவில் 28 சென்டிமீட்டர் வரும். மேசையில் கையை நுழைத்துப் பொம்மையை நகர்த்த முடியாது. 15 சென்டிமீட்டரில் நிறுத்திவிடுவது நல்லது. அடியிலிருந்து மூன்றரை சென்டிமீட்டருக்குக் கிளையே இருக்கக்கூடாது. அது உண்மை மரத்தில் இரண்டரை மீட்டர் வெறும் தண்டு.

கிளைகளுக்குப் பழுதான சார்ஜர் ஒயரை உரித்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பிகளை எடுக்கலாம். ஆறேழு இழைகளைச் சேர்த்துக் குச்சியின் மேல்பாதியில் சுற்றி, நுனிகளை இரண்டிரண்டாகப் பிரித்து மேல்நோக்கி விரிக்க வேண்டும். வெள்ளைப் பசையில் மரத்தூள் கலந்து கம்பிமேல் தடவினால் பட்டைபோல் தடிக்கும். காய்ந்ததும் சாயம். பலரும் தண்டுக்கு மண்ணிறம் பூசிவிடுகிறார்கள். பால்மரப் பட்டை சாம்பல் நிறம். அங்கங்கே வெளிர் திட்டுகள் இருக்கும்.

இலைக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச். கத்தரியால் பொடியாக வெட்டி, தண்ணீர் கலந்த கரும்பச்சைச் சாயத்தில் ஊறவைத்துப் பிழிந்து காயவிட வேண்டும். கிளைகளில் பசை தடவி இந்தத் தூளில் புரட்டினால் இலைக்கூட்டம் ஒட்டிக்கொள்ளும். அடர்த்தியாக ஒட்டாமல் அங்கங்கே வெளிச்சம் தெரிய விடுவது அழகு. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலையுதிர்க்கும் பருவத்தைக் காட்ட விரும்புவோர் கொஞ்சம் செம்மஞ்சள் தூளையும் சேர்க்கலாம். தரையில் கிடக்கும் சருகுக்குத் தேநீர் போட்டு மிஞ்சிய தூளைவிடப் பொருத்தமான நிறம் கிடையாது. ஆனால் வெயிலில் இரண்டு மூன்று நாள் முழுதாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி, மரத்தைப் பால்மரமாக்கும் வேலை. தண்டில், தரையிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், கூர்மையான கத்தியால் ஒரு சாய்ந்த கோடு கீறவேண்டும். மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் உயர்ந்து, வலப்பக்கம் தாழ்ந்து, பாதிச் சுற்றுக்கு. பட்டைக்குள் பால்குழாய்கள் இதற்கு எதிர்ச்சாய்வில் ஓடுவதால், இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வரும். கோட்டை மாற்றிக் கீறிய மரத்தை, பால் வெட்டிய ஒரு பாட்டியிடம் காட்டினால் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். கோட்டுக்கு மேலே, ஏற்கெனவே வெட்டிய பட்டைக்கு வெளிர் பழுப்பு. கோட்டின்மேல் மெல்லிய வெள்ளை. கீழே மங்கு. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வாயுள்ள மங்கு இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். ஒரு கடுகை இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் மேலே இருக்க ஒட்டி, அதில் ஒரு புள்ளி வெள்ளை வைத்தால் போதும். சாத்தே குச்சி, பழைய ஒயர், அடுப்படிச் சாமான் என்று எல்லாம் சேர்ந்து ஒரு மரத்துக்குச் சென் கணக்கில்தான் செலவு.

மரங்களைத் தனித்தனியாக நிறுத்தினால் ஆட்டத்தின் நடுவே சாயும். பழைய நடவு முறைகளில் ஒன்று 20 அடிக்கு 20 அடி. இந்த அளவில் எட்டரை சென்டிமீட்டர். 34 சென்டிமீட்டர் நீளப் பலகைத் துண்டில் நான்கு மரம் வைத்தால் அதுவே ஒரு நிரையின் துண்டு. ஆறடிக்கு நான்கடி மேசையில் இப்படிப் பன்னிரண்டு துண்டு, 48 மரம், ஒரு தோட்டத்தின் மூலையைக் காட்டிவிடும். டாங்கி போகும்போது துண்டை எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

இவ்வளவு செய்தும் மேசையில் ஒன்று குறையும். மலாயாப் போர் ஆட்டங்களுக்கு மேசை அமைப்பவர்கள் மரம் நடுகிறார்கள், சாலை போடுகிறார்கள், துரை பங்களாகூட வைக்கிறார்கள். லயத்தை வைப்பது அரிது. மரங்களுக்கு நடுவே குடும்பங்கள் இருந்தன. போர்முனை நகர்ந்த பிறகும் அங்கேயே இருந்தன. சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டது இதே தோட்டங்களிலிருந்துதான். லயம் செய்வது மரத்தைவிட எளிது. பத்தடி அறை இந்த அளவில் நான்கேகால் சென்டிமீட்டர். ஆறு அறை சேர்ந்தால் 25 சென்டிமீட்டர் நீளம். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே இருக்கும் நெளிதாள் தகரக் கூரையாகிவிடும். முன்னால் ஒரு குழாயடி, ஓரத்தில் முருங்கை.

வேலை முடிந்ததும் வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் பசையும் தேயிலைத்தூளும் இளகும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், புதுச் சப்பாத்து வாங்கும்போது உடன்வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு வைத்தால் மரங்கள் பல ஆண்டு தாங்கும். கடுகு மங்கு மட்டும் அவ்வப்போது உதிரும். அதற்கென்று ஒரு சிட்டிகைக் கடுகைப் பெட்டியிலேயே போட்டு வைக்கலாம்.